பீடியை விட்டால் ஐந்நூறு ரூபாய்

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். (போர்ட் பிளேர் என்றால்தான் நம்மில் பலருக்குப் புரியும், 2024-ல் பெயர் மாறிவிட்டது.) கணவருக்குக் காலையில் டீயோடு பீடி, மற்ற நேரமெல்லாம் கன்னத்தில் புகையிலை. “சிகரெட்டை விடுகிறவர்களுக்கு வெளிநாட்டில் காசு கொடுக்கிறார்களாமே? நானும் வாரம் ஐந்நூறு தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டுமா? காசு நின்றதும் திரும்ப ஆரம்பித்துவிடுவாரா?”

செய்தி உண்மைதான். ‘பணம் கொடுத்தால் 50 சதவீதம் அதிகமானோர் விடுகிறார்கள்’ என்ற தலைப்பும் பொய்யில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 33 ஆய்வுகளை, 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் சொன்னது அது. ஆனால் அந்த ஐம்பது சதவீதத்தைத் தோலுரித்தால், பரிசு இல்லாதபோது நூற்றுக்கு ஏழு பேர் விட்டார்கள், பரிசு வைத்தபோது பத்தரைப் பேர். ஆக மூன்றரை ஆள். இதற்கா இவ்வளவு தம்பட்டம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. காசு நின்ற பிறகும் அந்த மூன்றரை ஆள் வித்தியாசம் நிலைத்திருந்தது.

புற்றுநோய்ப் படத்துக்கு மசியாத மனுஷன் ஐந்நூறு ரூபாய்க்கு எப்படி மசிகிறான்? ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது பேர். அவசரக்காரர் முதல் மாதமே முப்பதாயிரம் தள்ளிக் கேட்டு எழுபதாயிரத்தோடு போய்விடுவார். பொறுமைசாலிக்குக் கடைசி மாதம் முழுத்தொகை. நம் மூளைக்குள்ளும் இதே ஏலம்தான், ஆனால் தள்ளுக்கணக்கு கோணலானது. முப்பது வருஷம் கழித்து வரும் நன்மைக்கும் முப்பத்தொரு வருஷம் கழித்து வரும் நன்மைக்கும் நடுவே மூளை பெரிய வித்தியாசம் பார்க்காது. இன்றைக்கும் நாளைக்கும் நடுவே மட்டும் விலை கிடுகிடுவென்று சரியும். அதனால்தான் ராத்திரி பத்து மணிக்குச் செய்த சத்தியம் காலை ஆறு மணிக்கு டீக்கிளாஸ் ஆவியில் கரைகிறது. பத்து மணிக்குப் பீடியும் தூரம், நுரையீரலும் தூரம். பெரிய தொகை ஜெயித்தது. ஆறு மணிக்குப் பீடி கைக்கெட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. உடனே முழு நுரையீரலையும் தள்ளிக் கேட்கிறது.

நுரையீரல்தான் கடைசி மாதச் சீட்டுக்காரர். ஒரு நாள் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பார். அவர் முறை வரும்போது சீட்டுக் கம்பெனி ஓடியிருக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மனைவிதான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். உவமை எல்லை மீறுகிறது, தெரிகிறது. ஆனால் வாரன் பிக்கலும் சக ஆய்வாளர்களும் 1999-ல் கண்டதும் இந்தப் போக்கில்தான் இருக்கிறது: புகைப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தள்ளிக் கேட்கிறார்கள், விட்டுவிட்டவர்களோ புகைக்கவே புகைக்காதவர்களைப் போலக் கணக்குப் போடுகிறார்கள். இந்த வாரமே கிடைக்கிற ஐந்நூறு ரூபாய், ஏலத்தில் பீடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்கிற ஆள். தொகை சின்னதுதான், கிட்ட இருப்பதுதான் அதன் பலம்.

வரலாறு கேட்பவர்களுக்காக நாலு வரி. 1968-லேயே அமெரிக்காவில் எலியட், டைகி என்ற இருவர், புகைப்பவர்களிடம் முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, புகைத்தால் பணம் போச்சு என்று மிரட்டிப் பார்த்தார்கள். 1990-களில் வெர்மான்ட்டில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கொக்கைன் பழக்கத்தை விடுகிறவர்களுக்குப் பரிசுக் கூப்பன் கொடுத்தார். போதும்.

சொந்தப் பணத்தைப் பணயம் வைப்பது மேலா, பரிசு மேலா? 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க மருந்துக்கடை நிறுவனமான சிவிஎஸ்ஸில் இரண்டையும் மோதவிட்டார்கள். 800 டாலர் பரிசை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்றார்கள். அதில் 150 டாலரை உங்கள் கையிலிருந்து முதலில் கட்டுங்கள் என்றதும் பதினான்கு பேர்கூடத் தேறவில்லை. ஆனால் கட்டத் துணிகிற ரகத்தவரிடம் பணயம்தான் பரிசைவிடக் கூடுதலாக வேலை செய்தது.

நம் வாசகிக்கு நெருக்கமான உதாரணம் இன்னொரு தீவில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் ஒரு கிராமிய வங்கி, புகைப்பவர்களுக்குத் தனி சேமிப்புக் கணக்கு தொடங்கியது. ஆறு மாதம் கழித்து சிறுநீர்ச் சோதனை. தேறினால் பணம் திரும்பும்; தோற்றால் தர்மத்துக்குப் போகும். அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் பணத்தை இழந்தார்கள். அப்படியும், இந்தக் கணக்கைத் தொடங்கச் சொல்லி அழைக்கப்படாதவர்களைவிட அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாக விட்டிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து திடீரென்று சோதித்தபோதும் வித்தியாசம் அப்படியே இருந்தது.

அவர்கள் சிறுநீரைச் சோதித்ததை அந்தமான்காரர்கள் கவனிக்க வேண்டும். வழக்கமாக இத்தகைய திட்டங்களில் ஊதிக் காட்டும் கருவி வைத்து மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளப்பார்கள். அது சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் வாயு. முதல் நாள் சாயங்காலத்தோடு நிறுத்தியவன் மறுநாள் தேறிவிடலாம். புகையிலையை மெல்பவனுக்கோ அந்தக் கவலையே இல்லை. எரிந்தால்தானே அந்த வாயு! போர்ட் பிளேரின் ஐசிஎம்ஆர் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. தீவுகளில் 18,018 பேரை விசாரித்ததில் கிட்டத்தட்ட நூற்றுக்கு 49 பேர் புகையிலை உபயோகிப்பவர்கள். அந்த 49-ல் 41 பேர் மெல்பவர்கள் மட்டுமே. ஊதும் கருவியை நம்பிப் பரிசு கொடுத்தால் வெற்றிலைப் பெட்டியோடு வந்து வாங்கிப்போவார்கள்.

நிக்கோட்டின் உடம்பில் கோட்டினினாக மாறி எச்சிலிலும் சிறுநீரிலும் சில நாள் தங்கும். மென்றாலும் புகைத்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட நேரம், விடுவதற்காக நிக்கோட்டின் சூயிங்கம் மெல்கிற நல்லவரையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே அம்மா, ஐந்நூறை நீங்கள் தர வேண்டாம். பணயம் கட்டச் சம்மதமா என்று அவரையே கேளுங்கள். சம்மதித்தால் பணத்தை உங்களிடம் வைக்காதீர்கள், கெஞ்சினால் கொடுத்துவிடுவீர்கள். கறாரான மச்சினர் யாராவது இருப்பார். பீடியை மட்டும் பேசி, கன்னத்தில் ஒதுக்குவதை விட்டுவிடாதீர்கள். மனம் வந்த அன்று 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் போடச் சொல்லுங்கள். மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண், காசு கிடையாது.