‘வேர்’ இல்லாத டெலிட்

2017 ஜனவரி 31. இரவு வெகுநேரமாகியும் கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் கணினியை விட்டு எழவில்லை. உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் அது. முதன்மை டேட்டாபேஸ் சர்வரைப் பின்தொடர வேண்டிய துணை சர்வர் பின்தங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடியில் விஷயம் புரிந்தது. அவர் அழித்துக்கொண்டிருந்தது முதன்மை சர்வரை! நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

பேக்கப் இருந்திருக்குமே? இருந்திருக்க வேண்டும். ஆனால் பேக்கப் எடுக்கும் மென்பொருள், டேட்டாபேஸுக்குப் பொருந்தாத பழைய பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன்பு வேறொரு சோதனைக்காக எடுத்துவைத்திருந்த நகல். இடைப்பட்ட நேரத்தின் தரவு போனது போனதுதான்.

நிறுவனம் எதையும் மூடிமறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. எங்கெங்கே சறுக்கினோம் என்று விரிவாக எழுதியும் வெளியிட்டது. டேட்டாபேஸுடன் பேசும் மொழியான எஸ்.க்யூ.எல்.லைக் கல்லூரியில் கற்றுத்தருகிறார்கள். ஆனால் நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் எதில் கைவைக்கக் கூடாது என்பதை, ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவர்தான் சொல்ல முடியும்.

அப்படிப்பட்டவர்களை ஒரே கூரையின் கீழ் கூட்டியது ‘எஸ்.க்யூ.எல். சாட்டர்டே’. ஆண்டி வாரன், ஸ்டீவ் ஜோன்ஸ், பிரையன் நைட் ஆகிய மூவரும் 2007இல் அமெரிக்காவின் ஆர்லண்டோவில் தொடங்கிவைத்தார்கள். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒருநாள் பயிற்சி. நுழைவுக் கட்டணம் இல்லை. சில ஊர்களில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சிறு தொகை. சனிக்கிழமை என்பதால் மேலதிகாரியிடம் லீவுக்குக் கெஞ்ச வேண்டியதில்லை. பேசுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பலர் கைக்காசு போட்டு வருவார்கள். பின்னாளில் இதைப் பொறுப்பேற்று நடத்திய ‘பாஸ்’ அமைப்பு, கொரோனாவில் வருமானம் வற்றி 2021 ஜனவரியில் மூடப்பட்டது. சனிக்கிழமை வகுப்புகள் மட்டும் நிற்கவில்லை. தன்னார்வலர்கள் கையிலெடுத்து நடத்துகிறார்கள்.

இத்தகைய வகுப்புகளில் கிடைப்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன வழக்கங்கள். உதாரணத்துக்கு டெலிட் கட்டளை. எந்தெந்த வரிகளை அழிக்க வேண்டும் என்று வரையறுப்பது அதிலுள்ள ‘வேர்’ (WHERE) என்ற பகுதி. வேரில்லாத மரம் தான் மட்டும் சாயும். ‘வேர்’ இல்லாத டெலிட் மொத்த டேபிளையும் சாய்த்துவிடும். அதனால் அனுபவசாலிகள் அதே நிபந்தனையை முதலில், வரிகளை எடுத்துக் காட்ட மட்டும் செய்யும் செலக்ட் கட்டளையில் போட்டு எத்தனை வரிகள் வருகின்றன என்று எண்ணிக்கொள்வார்கள். பிறகு டிரான்சாக்‌ஷனைத் திறந்து டெலிட்டை ஓட்டுவார்கள். எண்ணிக்கை பொருந்தினால் கமிட், அதாவது மாற்றம் உறுதி. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ரோல்பேக், பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். அரை நிமிட வேலைதான். அவசரத்தில் இருப்பவர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது கண்ணில் அறைய வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். விபத்துக்குப் பின் கிட்லேப் செய்த மாற்றங்களில், கட்டளை தட்டும் இடத்தில் சர்வரின் அடையாளம் தெளிவாகத் தெரியவைத்ததும் உண்டு. இத்துறை அனுபவசாலிகள் சிலர் தாங்கள் எழுதிய கருவிகளையும் ஊருக்கே கொடுத்துவிடுகிறார்கள். பேக்கப் எடுப்பது, டேட்டாபேஸ் சிதையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, இண்டெக்ஸ்களைப் பராமரிப்பது எல்லாவற்றையும் தானாகவே செய்யும் ஓலா ஹாலன்கிரன் என்ற டேட்டாபேஸ் நிபுணரின் ஸ்கிரிப்டுகள் முற்றிலும் இலவசம்.

ஆனால் பேக்கப் எடுப்பது பாதி வேலைதான். ரீஸ்டோர் செய்து, அதாவது மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை இத்துறையில் விவரம் தெரிந்த யாரும் நம்புவதில்லை. கிட்லேப் மீண்டெழச் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. வரும் சனிக்கிழமை உங்கள் அலுவலகத்தின் கடைசி பேக்கப்பை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துவையுங்கள்.