ரத்தான பாலிசியும் செய்தி அறியாத மூன்றாம் மனிதரும்

2019-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், புதுக்கோட்டை நகரிலுள்ள தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றின் கிளையில், பொதுஜனங்கள் அடகு வைத்திருந்த நகைகளில் 13 கிலோவுக்கு மேற்பட்டவை காணாமற்போயின என்ற செய்தி பரவியபோது, அடகு ரசீதைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்த குடும்பங்கள் பலவும், நம் பொருள் பிறர் வசம் இருக்கையில் களவு போனால் அதற்கு ஈடு செய்பவர் யார் என்று யோசிக்கலாயின. பெரிய வங்கிக்கு நஷ்டத்தைத் தாங்கும் சக்தி உண்டு. ஆனால் கடைவீதியின் சிறிய அடகுக் கடையோ, பிறர் சரக்கை வாடகைக்கு வைத்திருக்கும் கிடங்கோ களவு போனால், பொருளுக்கு உரியவரின் நம்பிக்கை பெரும்பாலும் அந்த ஸ்தாபனம் எடுத்திருக்கும் இன்ஷூரன்ஸையே சார்ந்து நிற்கிறது. அந்த இன்ஷூரன்ஸ் இடையிலே ரத்தாகிவிட்டால், அதை அவருக்குத் தெரிவிக்க யார் கடமைப்பட்டவர்?

வியாபார ஸ்தலங்களில் நிகழும் குற்றங்களுக்கென்று நம் நாட்டில் முக்கியமாக மூன்று வகைப் பாலிசிகள் வழக்கத்தில் இருக்கின்றன. பூட்டையோ சுவரையோ உடைத்து நிகழும் களவுக்குத் திருட்டு இன்ஷூரன்ஸ். கணக்கரோ காசாளரோ கையாடினால் அதற்கு ஃபிடிலிட்டி கியாரண்டி எனப்படும் ஊழியர் நாணய உத்தரவாதம். நகை வியாபாரிகளுக்கு, கடையிருப்பையும் வழியில் கொண்டுசெல்லும் நகையையும் சேர்த்துக் காக்கும் ஜுவல்லர்ஸ் பிளாக். இவை யாவும் கம்பெனிக்கும் பாலிசிதாரருக்கும் இடையே ஏற்படும் ஒப்பந்தங்களேயாகையால், அடகு வைத்தவரும் சரக்கு வைத்தவரும் கடன் கொடுத்தவரும், பாலிசியில் பெயர் எழுதப்படாதவரையில், அந்த ஒப்பந்தத்துக்கு அந்நியர்களே ஆவர்.

பாலிசி ரத்தாகும் வழிகளும் மூன்று. பிரீமியத்துக்குக் கொடுத்த செக் பணமின்றித் திரும்பிவருவது முதலாவது. 1938-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு, பிரீமியம் முன்கூட்டி வந்துசேர்ந்தாலொழியக் கம்பெனி அபாயத்தை ஏற்கலாகாது என்று விதித்திருக்கிறது. கம்பெனியே பாலிசியின் நிபந்தனைப்படி, முன்னறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரத்து செய்வது இரண்டாவது; பல திருட்டுப் பாலிசிகளில் இதற்குக் கெடு பதினைந்து நாள். பணமுடை வந்த வியாபாரி தாமே பாலிசியை முறித்து மீதிப் பிரீமியத்தைத் திரும்பப் பெறுவது மூன்றாவது. எப்படி ரத்தானாலும் கடிதம் போவது பாலிசிதாரரின் விலாசத்துக்கே. கல்லாப்பெட்டியின் அடியில் அக்கடிதம் கிடக்க, சுவரில் சட்டமிட்டு மாட்டிய பழைய பாலிசியைக் கண்டு அடுத்த வாடிக்கையாளர் நகையைக் கழற்றித் தருவது நடக்கக்கூடாததல்ல.

வாகன இன்ஷூரன்ஸில் நிலைமை வேறு. அங்கே மூன்றாம் மனிதரின் பாதுகாப்பைச் சட்டமே கட்டாயமாக்கியிருப்பதால், பாலிசி ரத்தான செய்தி விபத்துக்கு முன் வாகன உரிமையாளரைச் சென்றடைந்திராவிடில், செக் திரும்பியிருந்தாலும், அடிபட்டவருக்குக் கம்பெனி ஈடு கொடுத்தே தீரவேண்டும் என்று 2012-இல் லக்ஷ்மம்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்தது. முன்னரே உரிமையாளருக்கும் பதிவு அதிகாரிக்கும் அறிவித்துவிட்ட கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்பதை 2007-இல் தெத்தப்பா வழக்கு காட்டிற்று. ஆனால் பாலிசிதாரரின் வாரிசுகள் வாகனத்துக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கேட்டபோது, செக் திரும்பியபின் கம்பெனிக்கு அவர்களிடம் கடமையில்லை என்று 2001-இல் சீமா மல்ஹோத்ரா வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. களவுக்கும் கையாடலுக்கும் உரிய பாலிசிகளோ வாகன இன்ஷூரன்ஸைப்போல் எல்லோருக்கும் கட்டாயமானவை அல்ல. ஆகவே வாகனச் சட்டம் தரும் நிழல் அவற்றின்மேல் படிவதில்லை. எவருக்கு அறிவிக்கவேண்டும் என்று பாலிசியில் எழுதியிருக்கிறதோ, அவருக்கே செய்தி போகும்.

ஆகவே பரிகாரம் எழுத்திலேயே தொடங்கவேண்டும். ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் தம் மூட்டைகளைப் பிறர் கிடங்கில் வைக்கிறார் என்று கொள்வோம். கிடங்குக்காரரின் திருட்டுப் பாலிசி அவருடைய சொந்தச் சரக்கை மட்டும் காக்கிறதா, நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கும் பிறர் சரக்கையும் சேர்க்கிறதா என்பதைப் பாலிசியின் அட்டவணையில் பார்க்கவேண்டும். தம் பெயரையும் பாத்தியதையையும், ரத்து செய்தால் தமக்கும் முன்னறிவிப்பு அனுப்பவேண்டும் என்ற ஷரத்தையும் எண்டார்ஸ்மெண்ட் எனப்படும் இணைப்புக் குறிப்பாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்லவேண்டும். கம்பெனி இணங்காவிட்டால், பாலிசியை உயிரோடு வைத்திருப்பதும், ரத்தானால் உடனே தெரிவிப்பதும் தம் கடமை என்று கிடங்குக்காரரிடமே எழுதி வாங்கவேண்டும். பிரீமிய ரசீதின் நகலை ஆண்டுதோறும் கேட்பதோடு, செக் பணமாயிற்றா என்பதையும் விசாரிப்பது நலம்.

பாலிசி ரத்தாயிற்று என்பதனால் பொருளை வைத்திருப்பவரின் பொறுப்பு ரத்தாவதில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், தம் வசம் ஒப்படைத்த பொருளை, விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்கவேண்டும் என்று 151-ஆம் பிரிவில் விதிக்கிறது. ஆனால் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் களவு போயிற்று என்று அவர் நிரூபித்தால், விசேஷ ஒப்பந்தம் இல்லாதவிடத்து அவருக்குப் பொறுப்பில்லை என்கிறது 152-ஆம் பிரிவு. எழுதி வாங்கும் அந்த ஒற்றைத்தாளின் மதிப்பு இங்கேதான் விளங்கும்.

தகராறு மூண்டால், பாலிசிதாரர் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் திருப்தியான பதில் இல்லையெனில் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனை அணுகலாம். தனியுரிமைக் கடைக்காரருக்கும் குறுந்தொழில் செய்வோருக்கும் அவ்வாசல் திறந்திருக்கிறது, கட்டணமும் இல்லை. பாலிசியில் பெயரில்லாதவருக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. குளிர்பதனக் கிடங்கில் விளைபொருளை வைத்து 2014-இல் தீவிபத்தில் இழந்த விவசாயிகளை, பாலிசி கிடங்கின் பெயரில் இருந்தபோதிலும், அதன் பலனுக்குரிய நுகர்வோர் என்று 2020-இல் கனரா வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டது. மாவட்ட ஆணையத்தில் வழக்கிடக் கெடு இரண்டு ஆண்டு. களவு தெரிந்த அன்றே போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் பெறுவதும், கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் எந்த வழிக்கும் அவசியம். ஊழியர் கையாடலில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது: பாலிசி முடிந்தபின்னரும், அது உயிரோடிருந்த காலத்தில் நிகழ்ந்த கையாடலைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பன்னிரண்டு மாத அவகாசம் தரப்படுவதால், ரத்தாயிற்று என்று கேட்டவுடன் உரிமையைக் கைவிட்டுவிடாமல், தேதிகளைப் பார்க்கவேண்டும்.

பிறர் பொருளை வாங்கி வைக்கும் கூட்டுறவுச் சங்கங்களும் வியாபாரிகள் சங்கங்களும், பாலிசி ரத்தானால் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவதைத் தாமாகவே வழக்கமாக்கிக்கொண்டால், சட்டம் விட்டுவைத்த குறையில் ஒரு பங்கு நாணயத்தால் நிரம்பும். எஞ்சிய பங்கை, நகையையோ மூட்டையையோ ஒப்படைக்கும் முன் ஒரு வரி எழுதிக் கேட்கும் பழக்கத்தினால் நாமே நிரப்பிக்கொள்ளவேண்டும்.