ஒரு பனிமலைக்குள் இரண்டு மலைகள்

பனிமலை உச்சியிலிருந்து அடிவாரம்வரை கார்ட் வண்டிகள் சறுக்கி இறங்கும் ஒரு பந்தயம். மொத்தம் 3 சுற்று. சுற்று என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அப்படியானால் எத்தனை மீட்டர் இறங்கினோமோ அத்தனை மீட்டர் ஏறியும் ஆக வேண்டும். இறக்கமாகவே சுற்றி வரும் பாதை எந்த மலையிலும் இருக்க முடியாது. ஏற்றம் வந்தாலோ வேகம் போய்விடும், சறுக்கும் சுகமும் போய்விடும். கார்ட் என்பது தரையை ஒட்டி ஓடும் சின்னஞ்சிறு பந்தய வண்டி. அந்த வண்டிகளைக் கற்பனை உலகங்களில் ஓடவிடும் ‘மரியோ கார்ட்’ வீடியோ விளையாட்டை உருவாக்கும் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம், இந்தக் கணக்கை இரண்டு விதமாகத் தீர்த்திருக்கிறது.

முதல் தீர்வு 2008இல் வெளிவந்த ‘மரியோ கார்ட் வீ’ விளையாட்டில் இருக்கிறது. அதில் ‘டிகே சம்மிட்’ என்று ஒரு பனிமலைப் பாதை. புறப்பட்ட சற்று நேரத்தில் வண்டிகள் ஒரு பீரங்கிக்குள் நுழைகின்றன. பீரங்கி அவற்றை அப்படியே மலையுச்சிக்குச் சுட்டுவிடுகிறது. ஏற வேண்டிய உயரம் முழுவதும் சில நொடிப் பறத்தலில் முடிந்துபோகிறது. மிச்சமெல்லாம் இறக்கம்தான்.

இரண்டாவது தீர்வு இன்னும் துணிச்சலானது. 2014இல் வந்த ‘மரியோ கார்ட் 8’ விளையாட்டின் ‘மவுண்ட் வாரியோ’ பாதையில் சுற்றுகளையே எடுத்துவிட்டார்கள். பந்தயம் பறக்கும் விமானத்திலிருந்து தொடங்குகிறது. வண்டிகள் மலையுச்சியில் குதிக்கின்றன. பனிக்குகை, அணைக்கட்டு, மரங்கள் அடர்ந்த காடு, வளைந்து வளைந்து செல்லும் சறுக்குப் பாதை எனக் கடந்து அடிவாரத்தில் பந்தயம் முடிகிறது. 3 சுற்றுக்குப் பதிலாக ஒரே ஓட்டத்தில் 3 பகுதிகள். கடந்த இடம் திரும்ப வருவதே இல்லை.

இப்படி ஒரு மலையைத் திரையில் எழுப்புவது எப்போதும் முடிந்த காரியம் அல்ல. இந்த வரிசையின் முதல் விளையாட்டு 1992இல் வந்தது. அதில் ‘வனில்லா லேக்’ என்று ஒரு பனிப்பாதை உண்டு. அது மலை அல்ல, உறைந்த ஏரி. காரணம், அன்றைய கருவிக்கு மேடு பள்ளம் போடத் தெரியாது. 1024 புள்ளி அகலமும் 1024 புள்ளி நீளமும் கொண்ட ஒரே ஒரு தட்டைப் படத்தைச் சுழற்றவும் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் மட்டுமே அதனால் முடியும். திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டிலும் படத்தின் அளவைச் சற்று மாற்றி மாற்றி வரைந்தார்கள். மேற்கோடுகளில் படம் சுருங்கியது, கீழ்க்கோடுகளில் விரிந்தது. கண் அதைத் தொலைவு, அண்மை என்று நம்பிவிட்டது. அந்தத் தரை முழுவதையும் 256 சிறு சதுரச் சில்லுகளைக் கொண்டு பதித்திருந்தார்கள். அதற்கு ஆன நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றின் இடத்தில் அத்தகைய 96 ஏரிகளை வைத்துவிடலாம்.

மேடும் பள்ளமும் வருவதற்கு முக்கோணங்கள் தேவைப்பட்டன. இன்றைய விளையாட்டில் நீங்கள் காணும் பனிச்சரிவு முழுவதும், இடைவெளியின்றி ஒட்டிய ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆனது. ஏன் சதுரங்கள் இல்லை? மூன்று கால் உள்ள முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாமல் நிற்கும். நான்கு கால் நாற்காலிக்கு அந்த உறுதி கிடையாது. அதேபோல, முப்பரிமாண வெளியில் எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின்மேல் ஒரு தட்டையான பரப்பை வைத்துவிடலாம். நான்காவது புள்ளி சேர்ந்தால் பரப்பு முறுக்கிக்கொள்ளக்கூடும். முறுக்காத பரப்பில் ஒளி எப்படி விழும், வண்டி எப்படி நிற்கும் என்று கணக்கிடுவது கணினிக்கு எளிது.

இங்கேதான் பெரிய வியப்பு காத்திருக்கிறது. பந்தயப் பாதையில் ஒரு மலை இல்லை, இரண்டு மலைகள் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்கு, மற்றொன்று சக்கரத்துக்கு. கண்ணுக்கான மலையில் பாறை இடுக்கு, மரக்கிளை, பனிக் குவியல் எல்லாம் உண்டு. அதே இடத்தில், அதன்மேல் பொருந்தியபடி, திரையில் ஒருபோதும் தெரியாத இன்னொரு மலை கிடக்கிறது. அதை ‘மோதல் வலை’ எனலாம்: வண்டி எதன்மீது நிற்கும், எதில் முட்டும் என்பதை மட்டும் சொல்லும் எளிய முக்கோண வலை. கண்ணுக்கு ஆயிரம் இலைகளோடு தெரியும் மரம், மோதல் வலையில் வெறும் ஒரு தூண். கண்ணுக்குப் பிசிறு பிசிறாகத் தெரியும் பனி ஓரம், அங்கே வழவழப்பான ஒரு சுவர். வண்டி பிசிறில் சிக்கி நின்றுவிடாமல் உரசிக்கொண்டே நழுவிப் போவது அந்த வழவழப்பால்தான்.

மோதல் வலையின் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. இது சாலை, இது கெட்டிப் பனி, இது வேகம் குறைக்கும் ஆழப் பனி, இது வேகத் தகடு, இது விழுந்தால் மீட்க வேண்டிய பள்ளம். வண்டி எந்தக் குறியின் மேல் இருக்கிறதோ அதற்கேற்ப வேகமும் பிடிமானமும் சக்கரத்தின் சத்தமும் மாறுகின்றன. பாதையை விட்டு விலகியதும் வண்டி தடுமாறுகிறதே, அப்போது மாறுவது அந்தக் குறி ஒன்றுதான்.

சக்கரத்துக்கு அடியில் எந்த முக்கோணம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? மலையில் 30,000 முக்கோணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வண்டிகள், வண்டிக்கு 4 சக்கரம், நொடிக்கு 60 முறை கேள்வி. ஆக, நொடிக்கு 2,880 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எல்லா முக்கோணங்களையும் சோதித்தால் நொடிக்கு 8 கோடியே 64 லட்சம் சோதனைகள் ஆகும். அதைத் தவிர்க்கும் உத்திக்கு ‘எண்கிளை மரம்’ என்று பெயர் வைக்கலாம். மலையை ஒரு பெட்டிக்குள் அடக்கி, அந்தப் பெட்டியை எட்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் மறுபடி எட்டாகப் பிரிப்பார்கள். 5 முறை பிரித்தால் 32,768 பெட்டிகள் கிடைக்கும். பெரும்பாலானவற்றில் வெறும் காற்றுதான். தரை கடந்து செல்லும் பெட்டிகள் ஏறத்தாழ ஆயிரம், ஒவ்வொன்றிலும் சுமார் 30 முக்கோணங்கள். சக்கரம் இருக்கும் பெட்டியை 5 படிகளில் அடைந்து, அந்த முப்பதை மட்டும் சோதித்தால் போதும். 8 கோடிக்கு மேல் இருந்த வேலை ஒரு லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது.

இத்தனை நேரம் சக்கரம் என்று சொன்னேன். பல கார்ட் விளையாட்டுகளில் தரையைத் தொடும் சக்கரம் என்று எதுவுமே கிடையாது! திரையில் சுழல்வது அலங்காரம். கணக்கைப் பொறுத்தவரை வண்டி என்பது ஒரு பெட்டி. அதன் நான்கு மூலைகளிலிருந்தும் கீழ்நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத நான்கு கதிர்கள் பாய்கின்றன. கதிர் தரையை எவ்வளவு தூரத்தில் தொடுகிறது என்று கணினி அளக்கிறது. தூரம் குறைந்தால், அமுங்கிய சுருள்வில் தள்ளுவதைப் போன்ற விசையைக் கணக்கிட்டுப் பெட்டியை மேலே தள்ளுகிறது. பனிமேட்டில் வண்டி துள்ளி, குலுங்கி, சமநிலைக்கு வருகிறதே, அது முழுவதும் நான்கு நீளங்களை அளந்து எழுப்பிய மாயம்.

அடுத்து பனிக்கட்டி. மெய்யான உலகில், உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பர் சக்கரத்தின் உராய்வுக் கெழு, அதாவது தரையைப் பற்றிக்கொள்ளும் வலிமையின் அளவு, சுமார் 0.7. பனிக்கட்டியில் அது 0.1 அளவுக்கு விழுந்துவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பிரேக் அடித்தால் தார்ச்சாலையில் ஏறத்தாழ 9 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டியில் 63 மீட்டர் சறுக்கும். இதை அப்படியே விளையாட்டில் வைத்தால் முதல் வளைவிலேயே எல்லோரும் பள்ளத்தில் கிடப்பார்கள். ஆகவே வடிவமைப்பாளர்கள் பனிக்கட்டியின் கொடுமையைக் குறைத்து, அதன் உணர்வை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வண்டியின் முகம் திரும்பிவிடும், உடல் சற்றுத் தாமதித்தே திரும்பும். அந்தச் சின்னத் தாமதம் போதும், விரல்களுக்கு வழுக்கல் புரிந்துவிடும்.

பனியை வரைவதும் எளிதல்ல. எங்கும் வெள்ளை என்றால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. மெய்யான பனியில் இதற்குத் தீர்வு இயற்கையிலேயே இருக்கிறது. பனியின் நிழல் கறுப்பாக இருக்காது, நீலமாக இருக்கும். நேரடி வெயில் படாத இடத்தில் நீல வானத்தின் ஒளி மட்டுமே விழுவதே காரணம். ஓவியர்கள் விளையாட்டிலும் பள்ளங்களில் நீலத்தைத் தீட்டுகிறார்கள். ஓரங்களில் அடர்வண்ணக் கொடிகளையும் மரங்களையும் நடுகிறார்கள். உண்மையான பனிச்சறுக்குப் பந்தயங்களிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே வீரர்களுக்குப் பாதை தெரிவதற்காகப் பனியின்மேல் நீலச் சாயத்தால் கோடு இடுகிறார்கள்.

வானிலிருந்து விழும் பனித்துகள்களைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் 200 மீட்டர் உயரமும் கொண்ட மலைவெளியில், ஒரு கன மீட்டருக்கு ஒரே ஒரு துகள் என்று வைத்தாலும் 20 கோடி துகள்கள் வேண்டும். எந்தக் கருவியும் தாங்காது. எனவே பனி உங்களைச் சுற்றி மட்டுமே பெய்கிறது! பார்வைக்கு முன்னால் 20 மீட்டர் பக்கமுள்ள ஒரு பெட்டியை நிறுத்தினால் 8,000 துகள்கள் போதும். பெட்டி உங்களோடு கூடவே ஓடி வரும். அடியில் வெளியேறும் துகள் உச்சியில் மறுபடி நுழையும். ஒவ்வொரு துகளும் எப்போதும் உங்கள் பக்கமே முகம் திருப்பி நிற்கும் ஒரு தட்டைத் துண்டு. பின்பக்கம் பார்க்க வாய்ப்பே கிடைக்காததால், பின்பக்கம் என்று ஒன்றை யாரும் செய்ய வேண்டியதில்லை.

இவ்வளவும் எவ்வளவு நேரத்துக்குள் நடக்க வேண்டும்? மவுண்ட் வாரியோ 2017இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவிக்கு வந்தபோது, தொலைக்காட்சித் திரையில் நொடிக்கு 60 படங்களாக ஓடியது. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு. ஒரு முறை கண்ணிமைப்பதற்குள் குறைந்தது 6 முறை அந்த மலை புதிதாக வரையப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு படத்திலும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். நொடிக்கு 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் முடிவாக வேண்டும்.

பாதையில் இன்னோர் அடுக்கும் ஒளிந்திருக்கிறது. சாலைக்குக் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத வாயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை வரிசை தவறாமல் கடந்தால்தான் சுற்று கணக்கில் சேரும். யார் முதலிடம், யார் கடைசி என்பதைச் சொல்வதும் அந்த வாயில்களே. நீங்கள் பள்ளத்தில் விழுந்தால், மேகத்தில் மிதந்து வரும் லகிட்டு என்ற கதாபாத்திரம் உங்களைத் தூக்கிவந்து வைக்கும் இடமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டதுதான். வாயில்களை வைப்பதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1996இல் வந்த ‘மரியோ கார்ட் 64’ புகழ்பெற்ற சான்று. அதன் பனிப்பாதையான ‘ஃப்ராப்பே ஸ்னோலேண்ட்’டில், தொடக்கக் கோட்டை அடுத்த பாலத்தருகே ஒரு தந்திரம் செய்தால், முழுச் சுற்றும் ஓட்டாமலே சுற்று முடிந்ததாக விளையாட்டு நம்பிவிடும். வேகச் சாதனையாளர்கள் இன்றும் அதைப் பயின்று அசத்துகிறார்கள்.

கணினி ஓட்டும் எதிராளிகளுக்கோ கண்ணே கிடையாது. வளைவும் பாறையும் அவர்களுக்குத் தெரியாது. பாதை நெடுக வடிவமைப்பாளர் இட்டுவைத்த புள்ளிக் கோடு ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். எங்கே விலகலாம், எவ்வளவு அகலம் இருக்கிறது என்பதும் அந்தக் கோட்டோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். அவர்களின் சாமர்த்தியம் உண்மையில் பாதையின் சாமர்த்தியம்.

இத்தனையும் சேர்ந்துதான் ஒரு பனிமலைப் பாதை. விளையாடுபவர் சில நிமிடங்களில் கடந்துவிடும் ஒரு சரிவுக்குள் வடிவியல், இயற்பியல், ஒளியியல், ஓவியம் எல்லாம் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து நிற்கின்றன. ‘விளையாட்டுதானே’ என்று நாம் ஒதுக்கிவிடும் பொருளில் மனித அறிவு எவ்வளவு நேர்த்தியாகக் குடியிருக்கிறது!

உள்ளே போய்ப் பார்க்க ஆசையா? ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ என்ற கார்ட் விளையாட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தன்னார்வலர்கள் கூடி உருவாக்கிய திறந்த மென்பொருள் அது. அதில் ‘நார்தர்ன் ரிசார்ட்’ என்ற பனிப்பாதை இருக்கிறது. விளையாட்டின் நிரல் எல்லோரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. பாதைகளை வடிப்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் ‘ப்ளெண்டர்’ மென்பொருளும் இலவசம்தான். வீட்டில் விளையாட்டுப் பித்துப் பிடித்த பிள்ளை இருந்தால் இரண்டையும் கணினியில் நிறுவிக் கொடுங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். உங்கள் மலையின் முதல் மேடு தயார்.