கியர் தானாக மாறும். கவனம் தானாக வருமா?



ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குக் கடற்பாலம் வழியாகக் காரில் சென்றிருக்கிறீர்களா? 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளமானது. நெரிசல் நேரத்தில் கார்கள் அதில் ஊர்ந்துதான் போகும். அப்போது கார் ஓட்டும் அப்பா அல்லது அம்மாவின் காலைக் கவனியுங்கள். ஆட்டோ கார் என்றால், பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினாலே போதும். ஆக்சிலரேட்டரை அழுத்தாமலேயே கார் மெல்ல நகரும். ஏன்?

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் முடுக்குங்கள். காற்று பட்டு மற்றொன்றும் சுழலும். பெரும்பாலான ஆட்டோ கார்களில் உள்ள டார்க் கன்வெர்ட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. அங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் பக்கச் சக்கரம் எண்ணெயைத் தள்ள, கியர் பெட்டிப் பக்கச் சக்கரம் சுழல்கிறது. இவ்வாறு திரவத்தின் வழி ஆற்றலைக் கடத்தும் கருவிக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றார்.

ஆகவே, கியர் ‘டி’யில் இருக்கும்வரை கார் முன்னோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். பிரேக்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கைப்பேசியை எடுக்கக் குனியும்போது கால் நழுவினால், முன்னால் நிற்கும் காரில் மோதிவிடும். நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் ‘என்’னுக்கு மாற்றி, கைபிரேக்கை இழுப்பது நல்லது.

மேட்டில் நிறுத்தும்போது என்ன செய்வது? ‘பி’யில் போட்டதும் கியர் பெட்டிக்குள் ஒரு சிறிய உலோகப் பல், பற்சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 10 பாகைச் சரிவில் நின்றால், கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 1,700 நியூட்டன். கைபிரேக் இல்லையென்றால் அந்தச் சிறிய பல்தான் அத்தனையையும் தாங்க வேண்டும். எனவே பிரேக்கை அழுத்தியபடியே முதலில் கைபிரேக், பிறகு ‘பி’. வரிசை முக்கியம்.

இனி இறக்கம். கெந்திங் மலையிலிருந்து இறங்கும் 1,000 கிலோ கார், 1,000 மீட்டர் உயரத்தை இழந்தால், அதன் நிலையாற்றல் ஏறக்குறைய 1 கோடி ஜூல் குறைகிறது. 30 பாகை செல்சியஸில் உள்ள 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்! பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால், அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகச் சேரும். சூடேறிய பிரேக்கின் பிடிமானம் குறைந்துவிடும். ஆகவே ‘எல்’ அல்லது ‘2’ போன்ற தாழ்ந்த கியருக்கு மாற்ற வேண்டும். அப்போது எஞ்சினே காரின் வேகத்தைத் தடுக்க உதவும்.

பெட்ரோலை மிச்சப்படுத்த இறக்கத்தில் ‘என்’ போடுவோரும் உண்டு. இது ஆபத்து, எஞ்சினின் தடுப்பு அடியோடு போய்விடும். மிச்சமும் இல்லை. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருள் பாய்வது நின்றுவிடும். ‘என்’னிலோ எஞ்சின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும்.

17 வயதானதும் உங்களில் பலர் ஆட்டோ காருக்கான ‘டிஏ’ உரிமம் எடுப்பீர்கள். அதற்கு முன் ஒரு சோதனை: மேட்டில் நிறுத்திய காரை ‘பி’யிலிருந்து எடுக்கும்போது ‘டக்’கென்று பலத்த சத்தம் கேட்கிறதா? கேட்டால், நிறுத்தியபோது எது முதலில் என்று வீட்டில் விசாரியுங்கள்.