லயத்து வாழ்வும் கற்பு விதியும்

சொத்தில்லாத தொழிலாளியின் இல்லத்தில் ஆணாதிக்கம் நிலைப்பதற்கான அடிப்படை அற்றுப்போகின்றது என 1884இல் எங்கெல்ஸ் எழுதினார். ஹாலிஎல, பதுளைத் தோட்டங்களின் லயங்களில் உள்ளோருக்குத் தலைமுறைகளாகக் காணியும் இல்லை, வீடும் சொந்தமில்லை. எனினும் பெண்ணின் பாலியல் நடத்தை பற்றிய விதிகள் அங்கு மிக இறுக்கமானவை. இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? தமிழகத்திலிருந்து கொண்டுவந்த பழமை எனக் கூறி அமைதல் எளிது. அது போதிய விளக்கமன்று.

பழைய லயக் காம்பிரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. உழைப்பாளரை இருத்திவைக்கவே கம்பனிகள் அதனைக் கட்டின. குடும்பத்தின் அந்தரங்கம் அக்கணக்கில் இடம்பெறவில்லை. பெற்றோரும், மணமான மகனும் மருமகளும், பருவமெய்திய மகளும் அங்கேயே உறங்க நேர்கையில், தம்பதியரின் உறவு இருளிலும் மௌனத்திலும் அவசரத்திலும் நிகழவேண்டியதாகிறது. மூலையில் சேலை மறைப்பு. தமையனின் பாய் இஸ்தோப்புக்கு மாறுகிறது. சுவர் செய்யவேண்டிய வேலையை நாணம் செய்கிறது. இதனைச் சாத்திரம் மட்டும் விதிக்கவில்லை, இடநெருக்கடியும் சேர்ந்தே விதித்தது.

மற்றொன்று: சொத்தற்ற குடும்பத்தின் ஒரே சொத்து உழைக்கும் உடலே. கொழுந்து பறிப்பவள் பெண். 1984இல் ஆண், பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்ட பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே பெறும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. எனவே எங்கெல்ஸ் காணாத சொத்தொன்று இங்கே உண்டு. அதனையே கற்பு விதி காவல் செய்கிறது எனலாம்.

இக்காவல் வீட்டோடு நின்றதா? கங்காணியும் துரையும் அத்துமீறிய வேளைகளில், பழி பெண் மீதே விழுந்தது. 1980களில் நிரந்தரக் கருத்தடைக்கு அரசு பணம் வழங்கியது. நாட்கூலிக் குடும்பமொன்றில் அத்தொகையை மறுத்தல் எவ்வளவு சுதந்திரமான தெரிவாக இருந்திருக்கும்? ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப்புறத்தில் நிரந்தர முறையின் விகிதம் உயர்ந்திருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்று அதே லயங்களிலிருந்து இளம்பெண்கள் கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். அங்கே ஒருத்தி தன் துணையைத் தானே தெரிந்துகொண்டால், அவளது ஒழுக்கம் பற்றிய பேச்சு ஊரில் எழுகிறது. மாதந்தோறும் அவள் அனுப்பும் பணத்தை அப்பேச்சு தொடுவதில்லை.