பத்து விரலும் ஒரு கேள்வியும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூரைத் தாண்டிய சாலை மலையேறத் தொடங்கும் இடம் லோயர் கேம்ப். பெரியாறு நீர் ராட்சதக் குழாய்கள் வழியே இங்கே மின் நிலையத்துக்கு இறங்குகிறது. மனிதர்கள் எதிர்த்திசையில் ஏறுகிறார்கள். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளிக்குப் போகும். மாலையில் திரும்பும். மாநில எல்லையைத் தாண்டும் அந்தக் கைகளிடம் யாரும் ரேகை கேட்பதில்லை.

அதே ஊர்ப் பிள்ளை பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ மேற்படிப்புக்குப் போக வேண்டுமென்றால் கதை வேறு. மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், சென்னை விசா மையம் என்று ஏறி இறங்க வேண்டும். கண்ணாடித் தட்டில் பத்து விரலையும் பதிக்க வேண்டும். கூடவே விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: எப்போதாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா? பெரும்பாலோர் 'இல்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலருக்கு அந்த இடத்தில் கை நின்றுவிடும். அந்தக் கேள்விக்கும் பத்து விரலுக்கும் என்ன உறவு? விடையைத் தேடினால் தாயின் கருவறையில் தொடங்கி, இந்தப் பள்ளத்தாக்கு மறக்க முடியாத ஒரு சட்டம் வரை போக வேண்டியிருக்கிறது.

கருவுக்கு மூன்று மாதம் ஆகும்போது விரல் நுனியில் வரிகள் முளைக்கத் தொடங்குகின்றன. ஐந்தாம் மாதத்துக்குள் அமைப்பு முடிவாகிவிடும். எடின்பரோ விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2023இல் இதன் சூட்சுமத்தை வெளியிட்டது. தோலுக்குள் ஒரு மூலக்கூறு 'மேடாக எழு' என்று தூண்டுகிறது. இன்னொன்று 'பக்கத்தில் எழாதே' என்று தடுக்கிறது. இந்த இழுபறியில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரிசையாகின்றன. வரிக்குதிரையின் கோடுகள் போன்ற வடிவங்கள் இப்படி உருவாகலாம் என்று கணிதமேதை ஆலன் டூரிங் 1952லேயே கணித்துச் சொன்னார்.

வரிகள் விரலெங்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. விரல் நுனியின் நடுச்சதை, நகத்தையொட்டிய பகுதி, கடைசி மூட்டின் மடிப்பு ஆகிய மூன்று இடங்களில் தொடங்கிப் பரவுகின்றன. நம் ஊர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயலில் மூன்று நடவுக் குழுக்கள் மூன்று பக்கத்திலிருந்து நாற்று நட்டுக்கொண்டே வருகின்றன. வரிசைகள் சந்திக்கும் இடத்தில் வளைந்துதானே ஆக வேண்டும்? எந்தக் குழு முந்தியது, விரல் சதை எவ்வளவு புடைத்திருந்தது என்பதைப் பொறுத்து அது சுழியாகவோ, கொக்கிபோல் திரும்பும் கண்ணியாகவோ, வில்லாகவோ முடிகிறது. மனித விரல்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு கண்ணி, மூன்று சுழி. வில் மிகக் குறைவு. வரி எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்ற நுணுக்கங்களைக் கருவறையின் சின்னச் சின்னத் தற்செயல்கள் தீர்மானிக்கின்றன. அதனால்தான் மரபணு ஒன்றாக இருக்கும் இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இருப்பதில்லை.

இந்தத் தனித்தன்மையை அரசு வேலைக்குப் பயன்படுத்திய முதல் சோதனைக் களங்களில் ஒன்று இந்திய மண். 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கையையும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பதிய வைத்தார். பிற்பாடு பேச்சு மாறக் கூடாது என்பதுதான் நோக்கம்.

ஆயிரக்கணக்கில் ரேகைத் தாள்கள் சேர்ந்தபோது அவற்றுள் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எப்படி என்ற சிக்கல் வந்தது. அதைத் தீர்த்ததில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. முறைக்கு வாய்த்த பெயர் மட்டும் அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. கணக்கு எளிமையானது. வலது பெருவிரலில் தொடங்கி விரல்களுக்கு ஒன்று முதல் பத்து வரை எண். இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து ஜோடி. ஜோடிகளுக்கு முறையே 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. சுழி இருக்கும் விரலுக்கு மட்டுமே அந்த மதிப்பு உண்டு. இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்றைச் சேர்த்து மேலே எழுத வேண்டும். ஒற்றைப்படை விரல்களுக்கும் அதேபோல் கூட்டிக் கீழே எழுத வேண்டும். வலது பெருவிரலிலும் வலது மோதிர விரலிலும் மட்டும் சுழி உள்ளவருக்கு 9/17 வரும். சுழியே இல்லாவிட்டால் 1/1, பத்திலும் சுழி என்றால் 32/32. ஆக மொத்தம் 1,024 அறைகள். கணினி வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே கணினியின் இரும எண் முறை, விரல் நுனிகளை அலமாரியில் அடுக்கிவைத்தது. 1897இல் கல்கத்தாவில் இதற்கென ஒரு பணியகம் திறக்கப்பட்டது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இதே முறையை ஏற்றது.

இதற்கிடையே முக்கியமான ஒரு முடிவு வந்திருந்தது. பிரான்சிஸ் கால்டன் 1892இல் ரேகை பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ரேகையைப் பார்த்தே மனிதரின் இனத்தையும் குணத்தையும் சொல்லிவிடலாம் என்று நம்பித் தேடியவர் அவர். பலதரப்பட்ட மக்களின் ரேகைகளை ஒப்பிட்டுப் பார்த்து, அந்த எதிர்பார்ப்பு பொய்த்துவிட்டது என்று நேர்மையாக எழுதினார். இவர் யார் என்பதை ரேகை சொல்லும். எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லாது.

விஞ்ஞானம் சொன்ன இந்த உண்மையைச் சட்டம் கேட்கவில்லை. பிறப்பாலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளியாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871லேயே வட இந்தியாவில் வந்திருந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1914 முதல் மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்மீது பாய்ந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். தனிமனிதர் எதையும் செய்தாரா என்று பார்க்காமலே ரேகை வாங்கினார்கள். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போகவே அன்று ஒரு பாஸ்போர்ட்! 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிய 1952 ஆயிற்று.

இன்றைய விண்ணப்பக் கேள்வி அந்தச் சட்டத்தைப் போன்றது ஆகாது. இது சாதியைக் கேட்கவில்லை; தனிமனிதர் செய்ததைக் கேட்கிறது. அதனால் எது தண்டனை, எது இல்லை என்று தெரிந்துகொள்வது அவசியம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைக்காகப் பள்ளத்தாக்கே திரண்டு குமுளி நோக்கி நடந்தபோது லோயர் கேம்ப்பில் போலீசார் தடுத்தார்கள். தடையுத்தரவை மீறியதாக வழக்குகள் பதிவாயின. முதல் தகவல் அறிக்கையில் பெயர் வருவது தண்டனை ஆகாது. கைதும் தண்டனை ஆகாது. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் மட்டுமே அது தண்டனைக் கணக்கில் வரும்.

பாஸ்போர்ட் சட்டம் 1967, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் கடந்த ஐந்தாண்டுக்குள் இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்கு மறுக்க இடம் தருகிறது. வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால், அந்த நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று விண்ணப்பிக்க 1993ஆம் ஆண்டு அரசாணை வழி விட்டிருக்கிறது. சிறுவயதில் செய்த தவறு பிற்காலத் தகுதியைக் கெடுக்கக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். பதினாறு வயது தாண்டிக் கொடுங்குற்றம் செய்து, பெரியவர் போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு.

கல்லூரிக் கதவு வேறு, விசாக் கதவு வேறு. பிரிட்டனின் பொதுச் சேர்க்கை அமைப்பு, எல்லா மாணவரிடமும் தண்டனை பற்றிக் கேட்பதை 2018இல் நிறுத்தியது. அமெரிக்காவின் பொது விண்ணப்பமும் அடுத்த ஆண்டில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டது. மருத்துவம், ஆசிரியப் பயிற்சி போன்ற படிப்புகளில் கேள்வி இன்னும் உண்டு. விசாவுக்கு அளவுகோல் கடுமை. ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றிருந்தால் பிரிட்டன் மறுக்கும். ஆஸ்திரேலியா அதைக் கனத்த குற்றப் பதிவாகக் கருதும். கனடாவில் தண்டனை முடிந்து ஐந்தாண்டு கழித்து, திருந்திவிட்டதாக ஏற்கும்படி மனுச் செய்யலாம். அமெரிக்க விசாப் படிவம் தண்டனையை மட்டுமல்லாமல் கைதையும் கேட்கிறது.

மறைத்துவிடலாமா என்ற எண்ணம் வரும். கண்ணாடித் தட்டில் பதிந்த ரேகை சில நொடிகளில் லட்சக்கணக்கான பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது. கைதானவர்களின் ரேகைகளை நாடு முழுவதும் இணைக்கும் தேசியத் தானியங்கி முறை இந்தியாவில் 2022இல் தொடங்கியது. குற்றம் சிறிதாக இருந்து விசா கிடைத்திருக்கக்கூடிய இடத்தில், பொய் சொன்ன காரணத்துக்கே பல ஆண்டுத் தடை விழலாம்.

தண்டனையை அனுபவித்து முடித்து, படிக்கக் கிளம்பும் தம்பி, தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். அபராதம் கட்டிய ரசீதும், தண்டனை முடிந்த சான்றும் கையில் இருக்கட்டும். எந்த நாடு, எந்தக் கேள்வி என்று வழக்கறிஞரிடம் வரிவரியாகக் கேளுங்கள். கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள். அதற்குப் பிறகு செய்த வேலையையும் படித்த படிப்பையும் சேர்த்து எழுதுங்கள். சேர்க்கையிலும் விசாவிலும் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விரல் வரி கருவின் ஐந்தாம் மாதத்தில் முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குச் சொந்தக்காரரின் வாழ்க்கை அன்று தொடங்கக்கூட இல்லை. அந்த வாழ்க்கையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.