பனிக்கடியில் ஒரு சிக்கனக் குடித்தனம்

கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாமில்டன், பர்லிங்டன் என்னும் இரு நகரங்களிலுமாகப் பரந்து கிடக்கும் ராயல் பொடானிக்கல் கார்டன்ஸ் என்ற தாவரத் தோட்டம், 1941ஆம் ஆண்டில் மாகாணச் சட்டமன்றம் இயற்றிய சட்டமொன்றினால் அமைப்பு வடிவம் பெற்றது. இன்று 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, பூந்தோட்டமும் காடும் சதுப்பு நிலமுமாக, அது பராமரித்து வருகிறது. டொரன்டோ வட்டாரத்தில் வாழும் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய இடம். கோடையில் வருகிறவர்கள் ரோஜாவையும் லைலாக்கையும் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறார்கள். தை மாதத்திலோ, மரங்கள் இலையுதிர்ந்து நிற்க, குளம் உறைந்து கிடக்க, உஷ்ணமானி பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே இறங்கியிருக்க, இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கண்ணுக்குப் புலனாவது கொஞ்சந்தான். ஆனால் காலடியில், இலைச்சருகின் கீழும் மண்ணின் கீழும் நீரின் கீழும், எத்தனையோ ஜீவன்கள் வசந்தத்தை எதிர்நோக்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

குளிர்கால உறக்கம் என்று வழங்கும் இந்த நிலைக்கு மூலகாரணம் குளிரைக் காட்டிலும் பசியே ஆகும். பாலூட்டிப் பிராணிகளில் பெரும்பாலானவை தம் சரீர உஷ்ணத்தை ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிறுத்திக்கொள்ள இடைவிடாமல் ஆகாரத்தை எரித்தாக வேண்டும். வெளிக்குளிர் மிகுந்தால் எரிக்க வேண்டிய அளவும் மிகும். பிராணி சிறியதானால் உடலின் பருமனுக்கு அதன் மேற்பரப்பு அதிகமாதலால், வெப்பம் இன்னும் விரைவாக வெளியேறும். தேவை உச்சத்தை அடையும் அந்த மாதங்களில்தான் புல்லும் பூச்சியும் பழமும் அடியோடு மறைந்துபோகின்றன. வருமானம் நின்றுபோன குடும்பஸ்தன் இருக்கிற நெல்லை அடுத்த அறுவடை வரைக்கும் அளந்து அளந்து செலவிடுவதைப் போல, இப்பிராணிகளும் கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு அடுத்த வசந்தம் வரை காலந்தள்ள வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கனத்தில் கைதேர்ந்தது, ஒன்டாரியோவின் வயலோரங்களில் வளை தோண்டி வாழும் கிரவுண்ட்ஹாக் என்னும் பிராணி. அணில் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் நான்கைந்து கிலோ எடையுள்ள இது, இலையுதிர் காலத்தில் நன்றாகக் கொழுத்து, உறைபனி எட்டாத ஆழத்தில் அமைந்த அறைக்குள் சுருண்டு படுத்துக்கொள்கிறது. அதன் பின்னர் அதன் உடல் வெப்பம் ஐந்து டிகிரி வரையிலுங்கூடத் தாழ்ந்துவிடும். நிமிஷத்துக்கு 80 முறை துடித்த ஹிருதயம் ஐந்தாறு துடிப்போடு நின்றுகொள்ளும். வட அமெரிக்காவின் தாவரத் தோட்டங்களிலும் இயற்கை மையங்களிலும் குளிர்காலத்தில் குடும்பங்களுக்கென்று நடத்தும் நிகழ்ச்சிகளில், இதை விளக்குவதற்குக் குழந்தைகளின் கையையே கருவியாகக் கொள்வதுண்டு. முதலில் குழந்தை தன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிப் பார்க்கிறது. பிறகு கிரவுண்ட்ஹாக்கின் ஹிருதயமாகத் தன்னைப் பாவித்து, பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவை மேஜையைத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் பொறுமையிழந்து நெளியாத குழந்தை அபூர்வம். பாடத்தில் படித்த எண்ணைக் காட்டிலும் அந்த நெளிவு நெஞ்சில் தங்கிவிடுகிறது.

எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே முறை என்று சொல்வதற்கில்லை. முதுகில் கோடுகளுள்ள சிப்மங்க் என்னும் சிற்றணில் கொழுப்பை நம்புவதில்லை. வளைக்குள்ளேயே கொட்டைகளையும் விதைகளையும் குவித்து வைத்துக்கொண்டு, சில நாட்கள் உறங்குவதும் விழித்துத் தின்பதும் மறுபடி உறங்குவதுமாகக் குளிர்காலத்தைக் கடத்துகிறது. வடக்கே காடுகளில் வாழும் கருங்கரடியின் உடல் வெப்பமோ சில டிகிரிகளே குறைகிறது. ஆயினும் அது மாதக்கணக்கில் உண்ணாமலும் கழிக்காமலும் கிடந்து, அந்த நிலையிலேயே குட்டியும் ஈன்று பாலூட்டுகிறது. தோட்டத்தின் ஹென்ட்ரி பள்ளத்தாக்கில், நீட்டிய கைமேல் வந்தமர்வதற்குப் பேர்போன சிக்கடீ என்னும் சிறு பறவை, பகலெல்லாம் விழித்து இரைதேடினாலும், இரவுதோறும் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி அளவுக்குத் தாழ்த்திக்கொண்டு, மறுநாள் காலைக்கு வேண்டிய கொழுப்பை மிச்சப்படுத்துகிறது.

இவ்வளவு சிக்கனமாக வாழும் பிராணிக்குப் பெருஞ்செலவு எதுவென்றால், விழிப்பதுதான். கிரவுண்ட்ஹாக் போன்றவை குளிர்காலம் முழுவதும் ஒரே மூச்சாக உறங்குவதில்லை. ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒரு முறை உடலைப் பழைய உஷ்ணத்துக்கு ஏற்றி, சில மணி நேரம் அந்நிலையில் இருந்து, மீண்டும் குளிர்ந்துபோகின்றன. தோள்பட்டைகளுக்கு நடுவிலுள்ள பழுப்புக் கொழுப்பே இதற்கு அடுப்பாக அமைகிறது. சுவிட்சர்லாந்து அறிஞர் கான்ராட் கெஸ்னர் 1551லேயே மர்மோட் என்னும் மலைப்பிராணியின் உடலில் இதைக் கண்டு எழுதியிருந்தபோதிலும், வெப்பம் உண்டாக்குவதே இதன் தொழில் என்பது 1960களில்தான் நிச்சயமாயிற்று. மனிதக் குழந்தையும் இந்தக் கொழுப்போடுதான் பிறக்கிறது. குளிர்கால இருப்பின் பெரும்பகுதி இந்த விழிப்புகளுக்கே செலவாகிவிடுவதால், கணக்கில் இல்லாத விழிப்பு ஒவ்வொன்றும் ஆபத்தாகும். 2006ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் முதன்முதலாகத் தென்பட்ட வெண்மூக்கு நோய், வௌவால்களைப் பூஞ்சையால் பீடித்து, அடிக்கடி விழிக்கச் செய்து, வசந்தத்துக்கு முன்பே கொழுப்பைத் தீர்த்து, லட்சக்கணக்கில் மாய்த்தது. உறங்கும் பிராணியின் வளையைக் கிளறக் கூடாது, குகைக்குள் கூச்சலிடக் கூடாது என்று தோட்டத்து வழிகாட்டிகள் குழந்தைகளிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

குளிர்ந்த ரத்தமுடைய பிராணிகளின் வித்தை வேறு விதமானது. நீர் நான்கு டிகிரியில்தான் அதிக அடர்த்தியை அடைகிறதாகையால், குளத்தின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் உறையாத நீர் தங்கியிருக்கும். அங்கே சேற்றினருகில் கிடக்கும் வர்ண ஆமை, நுரையீரலுக்கு வேலை கொடுக்காமல், நீரிலுள்ள சொற்பப் பிராணவாயுவைத் தோலின் வழியே ஏற்கிறது; அதுவும் தீர்ந்துவிட்டால், பிராணவாயு இல்லாமலே ஜீவித்து, அதனால் உடலில் சேரும் அமிலத்தைத் தன் ஓட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு முறித்துவிடுகிறது. காட்டுத் தவளையோ சருகினடியிலேயே உறைந்து போகிறது. அதன் உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை பனிக்கட்டியாகிறது. மூச்சில்லை, ஹிருதயத் துடிப்பும் இல்லை. ஈரல் வெளிவிடும் சர்க்கரை உயிரணுக்களுக்குள் பனிக்கட்டி உண்டாகாமல் காப்பதனால், வெயில் ஏறியதும் உருகி, துடித்து, குளத்தை நாடிப் போய்விடுகிறது. ஒட்டாவாவிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஸ்டோரி இந்தத் தவளையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து புகழ்பெற்றவர்.

கொழுப்பும் சர்க்கரையும் எவ்வளவு இருந்தாலும், மேலே போர்வையில்லாமல் காரியம் நடவாது. இதைக் குழந்தைகள் தாமே கண்டறியும்படி ஒரு சோதனை உண்டு. மூடியுள்ள சிறு புட்டிகள் மூன்றில் ஒரே சூடுள்ள நீரை நிரப்பி, இவை உங்கள் பிராணிகள் என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றைத் திறந்த வெளியில் வைக்கலாம். ஒன்றை ஒரு பிடிச் சருகினுள் வைக்கலாம். மூன்றாவதைச் சருகில் நன்றாகப் பொதிந்து, அதன்மேல் பனியை அள்ளிக் குவிக்கலாம். அரைமணி கழித்து உஷ்ணமானியை நுழைத்துப் பார்க்கையில், வெளியிலிருந்த நீர் வெகுவாக ஆறிப்போயிருக்க, பனியினடியில் புதைத்ததே மற்றவற்றைவிடச் சூடு தாங்கியிருப்பதைக் கண்டு, பெற்றோர்களும் சற்றுத் திகைப்பதுண்டு. பனி குளிர்ச்சி தருவதாயிற்றே, அது எப்படிக் காக்கும்? புதிதாய்ப் பெய்த பனியில் பெரும்பங்கு காற்றே. சருகின் மடிப்புகளில் சிக்கியிருப்பதும் காற்றே. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. சுமார் இருபது சென்டிமீட்டர் கனத்துக்குப் பனி மூடியிருந்தால், வெளியே எவ்வளவு கடுங்குளிர் அடித்தாலும், தரையோரத்தில் பூஜ்யத்தை ஒட்டிய உஷ்ணம் நிலைத்திருக்கும். பனி குறைவாகப் பெய்த ஆண்டுதான் சருகினடி வாசிகளுக்குக் கொடிய ஆண்டு.

இச்சோதனையைச் செய்து பார்த்த குடும்பம் தன் வீட்டு முற்றத்தைப் பழைய கண்ணோடு பார்ப்பது கடினம். வண்டுத்தேனீக்களின் கூட்டில் இலையுதிர் காலத்தோடு மற்றவையெல்லாம் மடிந்துபோக, கருவுற்ற இளம் ராணி மாத்திரம் மண்ணுக்குள் சில அங்குலம் தோண்டிப் படுத்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டின் குடும்பம் முழுவதும் அந்த ஒன்றிலிருந்துதான் தோன்ற வேண்டும். பட்டாம்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும், பொறிவண்டுகளும், சிலந்திகளும் காய்ந்த தண்டுகளிலும் உதிர்ந்த இலைகளிலும் தங்கியிருக்கின்றன. ஐப்பசியில் உதிரும் சருகையெல்லாம் குப்பையென்று வாரி மூட்டை கட்டித் தெருவில் வைப்பது அந்நாட்டு வழக்கம். செடிகளின் அடியிலாவது அதில் ஒரு பகுதியைச் சித்திரை வெயில் ஏறும் வரையில் வாராமல் விட்டுவைக்கும்படி தோட்டக்கலை அறிந்தவர்கள் இப்போது சொல்லி வருகிறார்கள். பணச் செலவும் உடலுழைப்பும் வேண்டாத இந்த உபகாரத்தை, வாருகோலை ஓரமாகச் சாத்தி வைப்பதன் மூலம், எட்டு வயதுக் குழந்தையும் செய்துவிடலாம்.